இரவல் திரை

எங்கள் ஊரில் ஒலிம்பிக்ஸ் என்றால் ஹாக்கி. கோவில்பட்டி என்றதும் வெளியூர்க்காரர்களுக்குத் தீப்பெட்டியும் கடலை மிட்டாயும் நினைவுக்கு வரும். அங்கே வளர்ந்த எங்களுக்கு மைதானம்தான் ஊர். கரிசல் மண். மழை பெய்தால் நாலு நாளைக்குக் கால் வைக்க முடியாது. காய்ந்து இறுகிவிட்டால் பந்து கல்லைப் போலப் பாய்ந்து வந்து கணுக்காலில் அடிக்கும். மட்டை வாங்க வசதியில்லாத பையன்கள் வேலியோரத்துக் கருவேல மரத்தில் வளைந்த கிளையாகப் பார்த்து வெட்டிச் சீவி, அதை வைத்தே ஆடக் கற்றுக்கொண்டார்கள். என் அப்பா பள்ளிக்கூடத்தில் உடற்கல்வி ஆசிரியர், ஊருக்கு 'பி.டி. சார்'. எங்கள் வீட்டுக் கதவுக்குப் பின்னால் எப்போதும் நாலைந்து மட்டைகள் சாய்ந்து நிற்கும்.

1980 ஜூலை 29. எனக்கு எட்டு வயது. மாஸ்கோவில் இந்தியாவும் ஸ்பெயினும் ஹாக்கி இறுதி ஆட்டம் ஆடின. திண்ணையில் அப்பாவின் டிரான்சிஸ்டர். அதைச் சுற்றிப் பத்துப் பதினைந்து பேர். வர்ணனை கொஞ்ச நேரம் இந்தியிலும் கொஞ்ச நேரம் ஆங்கிலத்திலும் வந்தது. சுற்றி இருந்தவர்களில் பாதிப் பேருக்கு இரண்டுமே தெரியாது. ஆனாலும் வர்ணனையாளரின் குரல் ஏறுவதையும் இறங்குவதையும் வைத்தே பந்து எந்தப் பக்கம் போகிறது என்று அப்பா சொல்லிவிடுவார். இந்தியா 3-0 என்று முந்தியது. ஸ்பெயின் விடாமல் துரத்தியது. கடைசியில் 4-3 என்று ஆட்டம் முடிந்தபோது அப்பா டிரான்சிஸ்டரைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டார். இந்திய அணியின் தலைவர் வி. பாஸ்கரன், நம் தமிழ்நாட்டுக்காரர். "நம்ம ஆளுலே, நம்ம ஆளு" என்று அன்றைக்கு இரவு முழுவதும் அப்பா சொல்லிக்கொண்டிருந்தார். ஒலிம்பிக்ஸ் என்ற சொல்லைக் கேட்டால் இன்றைக்கும் எனக்கு முதலில் தெரிவது அந்தத் திண்ணைதான்.

இருபது ஆண்டுகள் கழித்து, 2000 செப்டம்பரில், நியூஜெர்சி மாநிலத்தின் எடிசன் நகரில் உட்கார்ந்து சிட்னி ஒலிம்பிக்ஸுக்காகக் காத்திருந்தேன். மென்பொருள் வேலைக்காக அமெரிக்கா வந்து ஓராண்டு ஆகியிருந்தது. இரண்டு அறை கொண்ட அடுக்ககத்தில் நாங்கள் நான்கு பேர். ஒரு தெருவில் வீட்டு வாசலில் பழைய சாமான்களைப் பரப்பி விற்றுக்கொண்டிருந்தார்கள். அங்கே இருபது டாலருக்கு ஒரு தொலைக்காட்சி வாங்கி, இரண்டு பேராகத் தூக்கிக்கொண்டு மாடி ஏறினோம். ஓக் ட்ரீ ரோட்டுக் கடையில் அரிசியும் துவரம்பருப்பும் வாங்கி நிறைத்தோம். பதினாறு நாளும் சமைத்துச் சாப்பிட்டபடி ஒலிம்பிக்ஸ் பார்ப்பது என்று முடிவு.

அலுவலகத்தில் பக்கத்து மேசை நண்பரிடம், "ஹாக்கி எந்த சானலில் வரும்?" என்று கேட்டேன். அவர் கொஞ்சம் குழம்பி, "ஹாக்கி குளிர்கால ஒலிம்பிக்ஸில்தானே?" என்றார். அந்த நாட்டில் ஹாக்கி என்றால் பனித்தரையில் ஆடுவது. நம் ஆட்டத்துக்கு அங்கே 'ஃபீல்டு ஹாக்கி' என்று பெயர். பெரும்பாலும் பள்ளி, கல்லூரிப் பெண்கள்தான் ஆடுவார்கள். விளக்கிச் சொன்னதும் அவர் முகம் மலர்ந்து, "என் மகள் ஆடுகிறாள்! உங்கள் ஊரில் ஆண்களும் ஆடுவார்களா?" என்றார். நல்ல மனிதர், அக்கறையோடுதான் கேட்டார். எட்டு ஒலிம்பிக்ஸ் தங்கம் வாங்கிய ஆட்டம் என்று நான் சொன்னதை ஆச்சரியத்தோடு கேட்டுக்கொண்டார். அந்த எட்டையும் பற்றி அவர் அதுவரை கேள்விப்பட்டதே இல்லை.

சிட்னிக்கும் நியூஜெர்சிக்கும் பதினைந்து மணி நேர வித்தியாசம். அங்கே நடப்பதில் ஏறக்குறைய எதையும் நேரடியாகக் காட்டாமல், பதிவு செய்து, மாலையில் மக்கள் வீடு திரும்பிய பிறகு வரிசைப்படுத்திக் காட்டினார்கள். முடிவை இணையத்தில் பார்த்துவிட்டவர்கள் அலுவலகத்தில் வாயைத் திறக்கக் கூடாது என்பது எழுதப்படாத விதி. மாலையில் திரை முழுக்க நீச்சல், ஜிம்னாஸ்டிக்ஸ், ஓட்டப்பந்தயம். ஒவ்வொரு பந்தயத்துக்கும் முன்னால் மூன்று நிமிடத்துக்கு ஒரு குறும்படம் வரும். விடியுமுன் மகளைக் காரில் ஏற்றிப் பயிற்சிக்கு அழைத்துப்போகும் அம்மா, முறிந்து கூடிய எலும்பு, ஊர்க்காரர்களின் வாழ்த்து. அந்தப் படத்தைப் பார்த்து முடிப்பதற்குள் அந்தப் பெண் நம் வீட்டுப் பிள்ளை ஆகிவிடுவாள். அவள் ஜெயிக்க வேண்டும் என்று நமக்கும் தவிப்பு வந்துவிடும். அப்படிப் பல அமெரிக்கப் பிள்ளைகளுக்காக நான் உண்மையாகவே தவித்திருக்கிறேன். அவர்கள் தோற்றபோது சோறு இறங்கவில்லை.

ஹாக்கி மட்டும் வரவில்லை. தன்ராஜ் பிள்ளை ஆடிய அணியை நான் ரீடிஃப் இணையதளத்தின் எழுத்துகளில்தான் பின்தொடர்ந்தேன். செப்டம்பர் 26 அன்று போலந்தோடு ஆட்டம். ஜெயித்தால் அரையிறுதி. இந்தியா 1-0 என்று முன்னால் இருந்தது. ஆட்டம் முடிய இரண்டு நிமிடம்கூட இல்லாத நேரத்தில் போலந்து ஒரு கோல் போட்டது. 1-1. அவ்வளவுதான், அரையிறுதிக் கனவு முடிந்தது. காலிங் கார்டின் நீண்ட எண்ணை அழுத்தி அப்பாவைக் கூப்பிட்டேன்.

"கடைசி ரெண்டு நிமிசம்யா. பந்தைத் தங்கிட்டயே வச்சிருந்தா முடிஞ்சிருக்கும்ல" என்றார். குரல் உடைந்திருந்தது. அப்புறம், "நீ பாத்தியா? அங்க நல்லாக் காட்டியிருப்பானே" என்றார்.

"இங்க போடலப்பா."

"என்னய்யா, ஒலிம்பிக்ஸையே போடலியா?"

"ஒலிம்பிக்ஸ் போடுறாங்கப்பா. ஹாக்கி போடல."

அப்பா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. ஹாக்கி இல்லாத ஒலிம்பிக்ஸ் எப்படி இருக்கும் என்று அவரால் எண்ணிப் பார்க்க முடியவில்லை. கார்டில் மீதமிருந்த நிமிடங்கள் அந்த மௌனத்திலேயே கொஞ்சம் கரைந்தன.

அந்த ஒலிம்பிக்ஸில்தான் பெண்களுக்கான பளுதூக்குதல் முதன்முறையாகச் சேர்க்கப்பட்டது. கர்ணம் மல்லேஸ்வரி 69 கிலோ பிரிவில் மொத்தம் 240 கிலோ தூக்கி வெண்கலம் வாங்கினார். ஒலிம்பிக்ஸ் பதக்கம் பெற்ற முதல் இந்தியப் பெண். தங்கம் வாங்கியவரோடு இருந்த வித்தியாசம் இரண்டரைக் கிலோ. அதையும் நான் திரையில் பார்க்கவில்லை; அலுவலகக் கணினியில் ஒரு சிறிய புகைப்படமாகத்தான் பார்த்தேன்.

ஆனால் என் மனத்தில் ஆழமாகத் தைத்தது வேறொரு பந்தயம். எங்கள் நால்வரில் ஒருவர் இலங்கைத் தமிழர். 1983 இனக்கலவரத்தில் வீட்டை விட்டு ஓடி வந்த குடும்பம் அவருடையது. செப்டம்பர் 28 அன்று நடந்த பெண்கள் 200 மீட்டர் இறுதி ஓட்டத்தை அன்று மாலை காட்டினார்கள். தொடங்குவதற்கு முன்பிருந்தே கேமரா அமெரிக்காவின் மேரியன் ஜோன்ஸ் மேலேயே இருந்தது. அவர் குனிந்தார், கேமரா குனிந்தது. அவர் நிமிர்ந்தார், கேமரா நிமிர்ந்தது. 21.84 விநாடியில் மற்றவர்களை வெகுவாகப் பின்னுக்குத் தள்ளி ஓடி முடித்தார். கோட்டைத் தொட்ட பிறகும் படம் அவரோடுதான் போனது. வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த நண்பர் கத்தியோடு எழுந்து வந்துவிட்டார். "சுசந்திகா! மூன்றாவது எங்கட பிள்ளையடா! ஏன் அவளைக் காட்டுறான் இல்லை?"

சுசந்திகா ஜயசிங்க 22.28 விநாடியில் ஓடியிருந்தார். 1948இல் டங்கன் வைட் வாங்கிய வெள்ளிக்குப் பிறகு, 52 ஆண்டுகள் கழித்து இலங்கைக்கு வந்த ஒலிம்பிக்ஸ் பதக்கம். திரையில் அவர் முகம் சில விநாடிகளே தெரிந்தது. அந்தச் சில விநாடிக்காக நண்பர் கடைசி வரை நின்றபடியே பார்த்தார். தன்னைத் துரத்திய நாட்டின் பெண்ணை 'எங்கட பிள்ளை' என்று அவர் அழைத்தது என் காதிலேயே நின்றுவிட்டது. பின்னர், ஊக்கமருந்து எடுத்துக்கொண்டதை 2007இல் ஜோன்ஸே ஒப்புக்கொண்டார். சிட்னிப் பதக்கங்கள் பறிக்கப்பட்டன. 2009இல் சுசந்திகாவின் வெண்கலம் வெள்ளியாக உயர்ந்தது. அந்த மாலையில் நாங்கள் பார்க்க வேண்டியிருந்த ஓட்டக்காரி கேமராவின் ஓரத்தில்தான் ஓடினாள்.

இந்தத் தொழில் எப்படி நடக்கிறது என்று பின்னால் தேடிப் படித்துத் தெரிந்துகொண்டேன். மைதானத்தில் கேமராக்களை வைத்துப் படம் பிடிப்பது ஒலிம்பிக்ஸுக்கென அமைக்கப்படும் ஒரே ஒளிபரப்பு அமைப்பு. எந்த நாட்டுப் பக்கமும் சாயாமல் எல்லாப் போட்டிகளின் படத்தையும் அது உலகம் முழுவதற்கும் அனுப்புகிறது. உரிமை வாங்கிய ஒவ்வொரு நாட்டு நிறுவனமும் அதிலிருந்து தனக்கு வேண்டியதை எடுத்து, சொந்தக் கேமராப் படங்களையும் கோத்து, தன் மொழியில் வர்ணனை சேர்த்துத் தன் மக்களுக்குத் தருகிறது. வேர் ஒன்று, இருநூறு நாடுகளில் இருநூறு ஒலிம்பிக்ஸ். பதக்கப் பட்டியல்கூட அப்படித்தான். உலகின் பெரும்பகுதி தங்கத்தை வைத்து வரிசைப்படுத்தும். அமெரிக்காவில் மொத்தப் பதக்கத்தை வைத்து வரிசைப்படுத்துவார்கள். 2008இல் சீனா தங்கத்தில் முதலிடம், அமெரிக்கா மொத்தத்தில் முதலிடம். இரு நாட்டுச் செய்தித்தாள்களும் தங்கள் நாட்டை மேலே வைத்து அச்சடித்தன. இரண்டுமே பொய் இல்லை.

இதை அறிந்தபோது என் ஊரையும் நினைத்துக்கொண்டேன். கோவில்பட்டியில் நீச்சல் இறுதிப் போட்டியை யார் பார்த்தோம்? 1972இல் மார்க் ஸ்பிட்ஸ் ஏழு தங்கம் வாங்கியது எனக்குப் பொது அறிவுப் புத்தகத்தில் வந்த ஒரு கேள்வி. விடை எழுதினால் ஒரு மதிப்பெண். அந்த ஏழு தங்கத்துக்காக எந்த ஊரில் எந்தத் திண்ணை அதிர்ந்தது என்று ஒருநாளும் நான் யோசித்ததில்லை.

அந்தத் திண்ணையை எனக்குக் காட்டியவர் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். 2008இல் எனக்குக் குடும்பம் ஆகியிருந்தது. அதே மாநிலத்தில் சிறிய வீடு ஒன்று வாங்கியிருந்தோம். பக்கத்து வீட்டுப் பெரியவர் உயர்நிலைப் பள்ளியில் நீச்சல் பயிற்சியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். தெருவில் எல்லோருக்கும் அவர் 'கோச்'. என் அப்பா 'பி.டி. சார்' ஆனது போல. ஆகஸ்ட் 10, ஞாயிற்றுக்கிழமை இரவு, தன் வீட்டுக்கு வந்து தொடர் நீச்சல் பார்க்கச் சொல்லிக் கூப்பிட்டார்.

நீச்சல் இறுதிப் போட்டிகள் வழக்கமாக மாலையில் நடப்பவை. பெய்ஜிங்கில் அவற்றைக் காலையில் வைத்திருந்தார்கள். அங்கே காலை பத்து மணி என்றால் அமெரிக்கக் கிழக்குக் கரையில் இரவு பத்து. அந்த ஓர் ஒலிம்பிக்ஸைக் காட்டும் அமெரிக்க உரிமைக்காகக் கொடுக்கப்பட்ட தொகை 89.4 கோடி டாலர். ஒரு நாட்டு வீடுகளின் இரவு நேரத்துக்காக இன்னொரு நாட்டில் வீரர்கள் காலையில் குளத்தில் இறங்கினார்கள்.

நாலு பேர், ஆளுக்கு நூறு மீட்டர். கடைசி ஆளாக அமெரிக்காவின் ஜேசன் லெசாக் குதித்தபோது பிரான்ஸின் அலேன் பெர்னார் தெளிவாக முன்னால் போய்க்கொண்டிருந்தார். கடைசி ஐம்பது மீட்டருக்குத் திரும்பும்போதும் லெசாக் ஓர் ஆள் நீளத்துக்குக் கிட்டத்தட்டப் பின்தங்கியிருந்தார். கோச் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "பார், கயிற்றை ஒட்டி வருகிறான். முன்னால் போகிறவன் கிளப்பும் அலை இவனை இழுக்கும்" என்று காதோடு சொன்னார். பத்து மீட்டர் இருக்கும்போது இரண்டு தலையும் ஒரே கோட்டில் இருந்தன. சுவரைத் தொட்டதும் நான் மேலே எண்களைப் பார்த்தேன். அவர் பார்க்கவில்லை, கை தொட்ட விதத்திலேயே தெரிந்துகொண்டார். 3:08.24, பிரான்ஸ் 3:08.32. ஒரு விநாடியின் நூறில் எட்டுப் பங்கு. லெசாக்குக்கு 32 வயது. நீச்சலில் அது தாத்தா வயது என்று சொல்லிவிட்டு கோச் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும் தொண்டை வறளக் கத்தியிருந்தேன். அந்த நால்வரில் ஒருவரான மைக்கேல் ஃபெல்ப்ஸ் பெய்ஜிங்கில் வாங்கிய எட்டுத் தங்கத்தில் ஒன்று அந்த நூறில் எட்டுப் பங்கில்தான் தங்கியது.

ஆரவாரம் அடங்கிய பிறகு கோச் கேட்டார்: "உன் நினைவில் இருக்கும் முதல் ஒலிம்பிக்ஸ் எது?"

"1980. மாஸ்கோ" என்று சொல்லி, திண்ணையையும் டிரான்சிஸ்டரையும் பற்றி விவரித்தேன். அவர் நாற்காலியில் சாய்ந்து கொஞ்ச நேரம் அமைதியாக இருந்தார். "அதை நாங்கள் பார்க்கவில்லை" என்றார். சோவியத் படை ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்ததைக் கண்டித்து அமெரிக்கா அந்தப் போட்டிகளைப் புறக்கணித்தது. வீரர்கள் போகவில்லை, போட்டிகளும் அந்நாட்டு வீடுகளுக்கு ஏறக்குறைய வரவே இல்லை. நான்கு ஆண்டுகள் நீரில் உழைத்தவர்கள் கரையிலேயே நின்றுவிட்டார்கள் என்று அவர் சொன்னார். தன்னைப் பொறுத்தவரை அந்த ஆண்டு ஒரு வெற்றிடம் என்றார். என் வாழ்வின் முதல் ஒலிம்பிக்ஸ், என் நாடு ஹாக்கியில் கடைசியாகத் தங்கம் வாங்கிய ஒலிம்பிக்ஸ், அவர் வாழ்வில் இல்லாமல் போன ஒலிம்பிக்ஸ். ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வாழ்ந்துகொண்டு இத்தனை நாள் இது தெரியாமல் இருந்திருக்கிறோம்.

வீடு திரும்பியபோது நள்ளிரவு தாண்டியிருந்தது. தொலைக்காட்சியைப் போட்டால் அதே தொடர் நீச்சல் மறுபடியும் ஓடிக்கொண்டிருந்தது. தொலைபேசி அடித்தது. அந்த நேரத்தில் ஊரிலிருந்து அழைப்பு வந்தால் கை நடுங்கும். அப்பாதான்.

"ஏலே, பாத்தியா? தங்கம்லே! தனி ஆளா வாங்கிட்டான்!"

"என்னப்பா தங்கம்?"

"துப்பாக்கியில. அபினவ் பிந்த்ரா. பஞ்சாபுப் பய. நீ பாக்கலியா?"

கோவில்பட்டியில் திங்கட்கிழமை காலை பத்து மணி. அந்த ஆண்டு ஒலிம்பிக்ஸையே பார்ப்பதில்லை என்று அப்பா சொல்லியிருந்தார். 1928க்குப் பிறகு முதன்முறையாக இந்திய ஹாக்கி அணி ஒலிம்பிக்ஸுக்குத் தகுதி பெறாமல் போயிருந்தது. அந்த மனிதர் காலையில் மனம் கேட்காமல் தொலைக்காட்சியைப் போட்டிருக்கிறார். நான் மூன்று மணி நேரம் ஒலிம்பிக்ஸ் ஓடும் திரையின் முன்னால் இருந்திருக்கிறேன். லெசாக் சுவரைத் தொட்ட கொஞ்ச நேரத்தில், அதே பெய்ஜிங்கில், இந்தியாவின் முதல் தனிநபர் ஒலிம்பிக்ஸ் தங்கம் விழுந்திருக்கிறது. என் கண் முன்னால் இருந்த திரையில் அதன் நிழல்கூட விழவில்லை.

அந்த ஆண்டு அமெரிக்காவில் இணையத்தில் பல போட்டிகளை முழுமையாகப் பார்க்கும் வசதி வந்திருந்தது. மறுநாள் சில்வர்லைட் என்ற மென்பொருளை நிறுவி, அந்தப் பதிவைத் தேடிப் பிடித்தேன். வர்ணனை அதிகம் இல்லை, குறும்படம் இல்லை. எட்டுப் பேர் வரிசையாக நின்று பத்து முறை சுடுகிறார்கள், அவ்வளவுதான். ஒரு குண்டுக்கு அதிகபட்சம் 10.9. பிந்த்ரா நாலாவது இடத்தில் இறுதிச் சுற்றுக்குள் நுழைந்தார். பத்தாவது குண்டுக்கு முன்னால் அவரும் ஃபின்லாந்தின் ஹென்றி ஹாக்கினனும் சமமாக நின்றார்கள். பிந்த்ரா கன்னத்தைத் துப்பாக்கியில் பதித்தார். மூச்சு விடுவது தெரிகிறதா என்று திரையை நெருங்கிப் பார்த்தேன், தெரியவில்லை. 10.8. ஹாக்கினனுக்கு 9.7. மொத்தம் 700.5 புள்ளியோடு தங்கம். துப்பாக்கியை இறக்கித் திரும்பியபோது அவர் முகத்தில் ஆர்ப்பாட்டம் எதுவும் இல்லை. ஆதென்ஸில் ஏழாவதாக வந்தவர் அவர். பெய்ஜிங் அரங்கத்தின் பரப்பும் வெளிச்சமும் பழக வேண்டும் என்பதற்காகக் கல்யாண மண்டபம் ஒன்றை வாடகைக்கு எடுத்து அதற்குள் பயிற்சி செய்தார் என்று பிறகு படித்தேன். நாயனமும் பந்தியும் நடக்கும் இடத்தில் தனியாக நின்று சுட்டிருக்கிறார். அமெரிக்கத் திரையில் வராத அந்த மூன்று நிமிடக் குறும்படத்தை அன்றைக்கு என் மனத்துக்குள் நானே எடுத்துப் பார்த்துக்கொண்டேன்.

அந்த வாரமே கோச்சை வீட்டுக்கு அழைத்து அந்தப் பத்துக் குண்டுகளையும் காட்டினேன். முழுவதையும் பேசாமல் பார்த்தார். முடிந்ததும், "கடைசிக் குண்டை அவன் அவசரப்படுத்தவில்லை" என்றார். முப்பது ஆண்டு பயிற்சியாளராக இருந்தவரின் வாயிலிருந்து அந்தச் சொல் வந்தபோது எனக்கு நிறைவாக இருந்தது. அப்புறம் அவர் கேட்டார்: "நீ சொன்ன அந்த ஹாக்கியை எப்போது காட்டப் போகிறாய்?"

அதற்குப் பதின்மூன்று ஆண்டுகள் ஆயின. இடையில் அப்பா காலமானார். டிரான்சிஸ்டரை அம்மா ஒரு துண்டில் சுற்றி என்னிடம் கொடுத்துவிட்டார்.

2021 ஆகஸ்ட் 4, புதன்கிழமை இரவு ஒன்பதரை. டோக்கியோவில் மறுநாள் காலை பத்தரை. வெண்கலத்துக்காக இந்தியாவும் ஜெர்மனியும். இப்போது எல்லாப் போட்டிகளையும் இணையத்தில் நேரடியாகப் பார்க்கலாம். யாருடைய தேர்வுக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் எது எங்கே ஓடுகிறது என்று நாம்தான் தேட வேண்டும், தேடுவதற்கு முன்னால் இப்படி ஒன்று இருக்கிறது என்று நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். மடிக்கணினியைப் பெரிய திரையில் இணைத்தேன். ஒருபக்கம் என் மகள், பதினைந்து வயது, அமெரிக்க மண்ணில் பிறந்தவள். மறுபக்கம் கோச், எண்பதைத் தாண்டியவர், கைத்தடியோடு.

இந்தியா 1-3 என்று பின்தங்கியது. நான் எழுந்து உள்ளே போய்விட்டேன். மகள்தான் கத்திக் கூப்பிட்டாள். 3-3. 5-3. பிறகு 5-4. கோச் விதிகளைக் கேட்டுக்கொண்டே வந்தார். பெனால்டி கார்னர் என்றால் என்ன, ஏன் ஐந்து பேர் மட்டும் கோலுக்குள் நிற்கிறார்கள், ஏன் முகமூடி போடுகிறார்கள். அப்பா எனக்குக் கரிசல் மண்ணில் குச்சியால் கோடு போட்டுச் சொல்லித்தந்ததை நான் அவருக்கு மேசைமேல் விரலால் வரைந்து சொன்னேன். ஆட்டம் முடிய ஆறு விநாடி. ஜெர்மனிக்குப் பெனால்டி கார்னர். சிட்னியில் போலந்தோடு நடந்ததெல்லாம் எனக்கு ஒரு நொடியில் திரும்பி வந்தது. பந்து உள்ளே வந்தது, நின்றது, பறந்தது. கோல்கீப்பர் ஸ்ரீஜேஷ் தடுத்துவிட்டார்.

41 ஆண்டுகளுக்குப் பிறகு ஹாக்கியில் ஒரு பதக்கம். ஸ்ரீஜேஷ் கோல் கம்பத்தின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார். மகள் என்னைக் கட்டிக்கொண்டாள். கோச் திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல், "அந்த கோல்கீப்பருக்கு என்ன வயது?" என்று கேட்டார்.

"33."

"லெசாக்குக்கு 32" என்றார். பதின்மூன்று ஆண்டுக்கு முந்தைய அந்த இரவை அவரும் மறக்கவில்லை.

அம்மாவுக்குப் போன் போட்டேன். "தெருவுல பயலுகல்லாம் மட்டையத் தூக்கிட்டு ஓடுதானுகய்யா" என்றாள். அதற்கு மேல் அவளாலும் பேச முடியவில்லை, என்னாலும் முடியவில்லை.

வெளிநாட்டில் வாழும் நம்மவர்களிடம் ஒன்று சொல்ல விரும்புகிறேன். இருக்கும் நாட்டின் திரை காட்டுவதை மனம் திறந்து பாருங்கள். அந்த ஆட்டத்துக்காக உயிரைக் கொடுத்த யாரோ ஒருவர் உங்கள் தெருவிலேயே இருப்பார். அவரோடு உட்கார்ந்து பாருங்கள். அந்தத் திரை காட்டாததை நீங்கள் தேடி எடுத்து, அவரை உங்கள் வீட்டுக்கு அழைத்துக் காட்டுங்கள். உங்கள் பிள்ளைகள் இரண்டு பக்கத்திலும் உட்காரட்டும். எந்தத் தொலைக்காட்சியும் முழு ஒலிம்பிக்ஸையும் காட்டப் போவதில்லை. பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினால் அதில் விட்டுப்போன ஒரு பகுதி நமக்குக் கிடைக்கும்.